பெரிய பேட்டரி போட்டா ஊட்டி போயிட்டு வந்துடலாமா?

பொள்ளாச்சியில ஒரு விசேஷம். பந்தியில பக்கத்து இலையில உக்காந்திருந்த மாமா ரசம் ஊத்தறதுக்குள்ள ஆரம்பிச்சுட்டார்.

"ஏங்கண்ணு, நீ இஞ்சினியரிங்குல கடைசி வருசந்தான? நம்ம கரண்டு காருக்குப் பெரிய பேட்டரி போட்டுக்கலாமா? ஒரு பட்டறையில டிக்கியில இன்னொரு பேட்டரி வெச்சுத் தரேங்கறாங்க. ஒன்றரை லட்சமாம். ஊட்டி போயிட்டு நிக்காம வந்தர்லாங்கறாங்க."

மாமா கார் செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. 30 யூனிட் பேட்டரி. பொள்ளாச்சி, கோயம்புத்தூர் போயிட்டு வர்றதுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. ஆனா ஊட்டின்னா பயம்.

"பார்த்துச் சொல்றேங்க மாமா"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். நாலு வருஷம் படிச்சதுல ஒரு கேள்விக்காவது உருப்படியா பதில் சொல்லணுமேன்னு உக்காந்து கணக்குப் போட்டேன். ஈ.வி. வச்சிருக்கற எல்லார் வீட்டுலயும் இந்தக் கேள்வி ஒருநாள் வரும். "நீ அதான படிக்கற"ன்னு உங்களைத்தான் கேப்பாங்க. அதனால அந்தக் கணக்கை அப்படியே உங்களுக்கும் தர்றேன்.

முதல்ல யூனிட் கணக்கு

பேட்டரி அளவைக் கிலோவாட் மணியில சொல்லுவாங்க. பயப்பட வேண்டாம், நம்ம வீட்டு ஈ.பி. கார்டுல இருக்கற யூனிட்தான் அது. ஒரு கிலோவாட் மணி, ஒரு யூனிட். 30 யூனிட் பேட்டரின்னா 1,000 வாட் அயர்ன் பாக்ஸை 30 மணி நேரம் ஓட்டற அளவு கரண்ட் உள்ள இருக்குன்னு அர்த்தம்.

அதுல முழுசும் நமக்குக் கிடைக்காது. செல் கெட்டுப்போகாம இருக்க மேலயும் கீழயும் கொஞ்சத்தை பி.எம்.எஸ். பிடிச்சு வச்சுக்கும். பி.எம்.எஸ். அப்படிங்கறது பேட்டரியோட காவல்காரன். ஒவ்வொரு செல்லோட வோல்டேஜையும், பேக்கோட சூட்டையும் கண்காணிக்கற எலக்ட்ரானிக்ஸ். அதனால 30 யூனிட்ல ஓட்டறதுக்கு 27 கிடைக்கும்னு வச்சுக்குவோம்.

ஊட்டிக்கு எவ்வளவு வேணும்?

பேட்டரியைப் பெருசாக்கறதுக்கு முன்னாடி, எவ்வளவு வேணும்னு தெரியணும் இல்லையா? பிளஸ் ஒன் பிசிக்ஸ் போதும். எம்.ஜி.ஹெச்.

கார் 1,400 கிலோ, உள்ள நாலு பேர் 300 கிலோ. மொத்தம் 1,700 கிலோ. கோயம்புத்தூர் கடல் மட்டத்துல இருந்து சுமார் 410 மீட்டர் உயரத்துல இருக்கு, ஊட்டி 2,240 மீட்டர். ஏற வேண்டியது 1,830 மீட்டர்.

1,700 × 9.8 × 1,830 போட்டா சுமார் 30.5 மெகா ஜூல். ஒரு யூனிட் 3.6 மெகா ஜூல். அப்போ மலை ஏறறதுக்கு மட்டும் 8.5 யூனிட். மோட்டார், இன்வெர்ட்டர், கியர்ல போற நஷ்டத்தைச் சேர்த்தா பேட்டரியில இருந்து போறது சுமார் 9.6 யூனிட்.

இதுபோக டயர் உருள்றதுக்கும், காத்தைக் கிழிக்கறதுக்கும், ஏ.சி.க்கும் கரண்ட் வேணும். காட் ரோட்டு வேகத்துக்கு கிலோமீட்டருக்கு 110 வாட் மணிக்குப் பக்கத்துல வரும். கோயம்புத்தூர்ல இருந்து மேட்டுப்பாளையம், குன்னூர் வழியா ஊட்டி சுமார் 85 கிலோமீட்டர். அதுக்கு 9 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல.

மொத்தம் 19 யூனிட். கையில 27 இருக்கு. அதாவது கோயம்புத்தூர்ல ஃபுல் சார்ஜ் போட்டுக் கிளம்பினா, புது பேட்டரியா இருந்தா, எதையும் மாத்தாமலே ஊட்டி போயிடலாம். எனக்கே இது ஆச்சரியமாத்தான் இருந்தது.

திரும்பி வர்றது இன்னும் சுவாரஸ்யம். இறங்கும்போது மோட்டார் ஜெனரேட்டரா மாறி பேட்டரிக்குக் கரண்ட் ஏத்தும். 8.5 யூனிட்டும் திரும்பி வராது. டயரும் காத்தும் கிட்டத்தட்ட பாதியைத் தின்னுடும், மீதியில மாத்தற நஷ்டம். என் கணக்குப்படி மேட்டுப்பாளையம் வந்து சேரும்போது ஊட்டியில இருந்ததைவிட 3 யூனிட் கூட இருக்கும். பெட்ரோல் கார் மலை இறங்கி வந்து டேங்க் ஏறியிருக்குன்னு சொன்னா யாராவது நம்புவாங்களா?

ஒரே ஒரு எச்சரிக்கை. ஊட்டியில 100 சதவீதம் சார்ஜ் போட்டுட்டு இறங்கக் கூடாது. நிறைஞ்ச பேட்டரியில ஏத்த இடம் இருக்காது. ரீஜென் வேலை செய்யாம பிரேக் பேட் மட்டுமே முழு வண்டியையும் பிடிக்கணும். பர்லியாறு வர்றதுக்குள்ள பிரேக் சூடேறிடும்.

இப்போ மாமா கணக்கு. அவர் பொள்ளாச்சியில இருந்து கிளம்பறார். கோயம்புத்தூர் வரைக்கும் 40 கிலோமீட்டர், அதுக்கு 5 யூனிட். 19 + 5 = 24. புது பேட்டரின்னா 3 யூனிட் மிச்சத்தோட தொட்டுடலாம். ஆனா அவரோடது பழசு. ஆரோக்கியம் 85 சதவீதம்னு வச்சா 27 இருந்த இடத்துல 23தான் இருக்கும். லவ்டேல் பக்கம் எங்கயாவது நின்னுடும்.

மேட்டுப்பாளையம் போற வழியில ஒரு 25 கிலோவாட் டி.சி. சார்ஜர்ல 20 நிமிஷம் நின்னா 8 யூனிட் ஏறும். வரும்போது இன்னொரு 10 நிமிஷம். அவ்வளவுதான் பிரச்சினை. ஒன்றரை லட்சம் செலவு பண்ணி மாமா வாங்கப் போறது இந்த 30 நிமிஷத்தைத்தான்.

"சரி, காசு இருந்தா போட்டுக்கலாமே, தப்பென்ன?"ன்னு கேக்கலாம். நியாயமான கேள்வி. அதுக்கு, பேட்டரி மாத்தி தூரம் கூட்டினவங்க நிஜமா என்ன செஞ்சாங்கன்னு பார்க்கணும்.

ரேவா: அளவை விட்டுட்டு ஜாதியை மாத்தின கதை

2001ல பெங்களூருல இருந்து வந்த ரேவா காரை உங்க அப்பா காலத்து ஆளுங்க ஞாபகம் வச்சிருப்பாங்க. சேத்தன் மைனி உருவாக்கின குட்டி எலக்ட்ரிக் கார். லண்டன்ல ஜி-விஸ்னு பேர் வச்சு வித்தாங்க. அதுல 48 வோல்ட், 200 ஆம்பியர் மணி லெட் ஆசிட் பேட்டரி. நம்ம வீட்டு இன்வெர்ட்டருக்குக் கீழ உக்காந்திருக்குமே, அதே ஜாதி. ஒரு சார்ஜுக்கு 80 கிலோமீட்டர்னு சொன்னாங்க.

48ஐ 200ஆல பெருக்கினா 9.6 யூனிட். லெட் ஆசிட்ல ஒரு கிலோ எடைக்கு 35 வாட் மணி தேறும்னு வச்சா, அந்த 9.6 யூனிட்டுக்கு 270 கிலோ வருது. நாலு ஆள் எடையை எப்பவும் சுமந்துக்கிட்டே ஓடற குட்டிக் கார். இன்னொரு குறை, லெட் ஆசிட்ல இருந்து வேகமா கரண்ட் இழுத்தா உள்ள இருக்கறது முழுசா வெளிய வராது. அடிக்கடி காலி பண்ணினாலும் ஆயுசு குறையும். அதனால 9.6 யூனிட்ங்கறது பேப்பர்லதான்.

2009ல லித்தியம் அயான் பேட்டரியோட ரேவா எல்-அயான் வந்தது. அதே கார், அதே உருவம். தூரம் 80ல இருந்து 120 கிலோமீட்டர் ஆச்சு. பேட்டரி எடை குறைஞ்சதால பிக்கப்பும் நல்லா வந்தது.

இதுல நமக்கான பாடம், தூரம்ங்கறது யூனிட்டை மட்டும் பொறுத்தது இல்ல. எவ்வளவு எடைக்கு அந்த யூனிட் கிடைக்குது, அதுல எவ்வளவு நிஜமா வெளிய எடுக்க முடியுதுங்கறதும் சேர்ந்ததுதான். லெட் ஆசிட்ல இருந்து லித்தியத்துக்கு மாறும்போது எடை குறையும், தூரம் கூடும். ரெண்டு பக்கமும் லாபம். ஸ்கூட்டர்லயும் இதே மாற்றம் நடந்தது. 2019 ஏப்ரல்ல தொடங்கின ஃபேம் 2 திட்டத்துல லெட் ஆசிட் வண்டிக்கு மானியமே கிடையாதுன்னு ஆக்கிட்டாங்க.

ஆனா மாமா கார் ஏற்கெனவே லித்தியம். அங்க அந்த இலவச லாபம் முடிஞ்சு போச்சு. இனிமே யூனிட் கூட்டணும்னா எடையும் கூடத்தான் செய்யும்.

நெக்ஸான்: கம்பெனியே பெருசாக்கினப்போ

அதுக்கு நம்ம ரோட்டுல தினமும் பாக்கற உதாரணம் டாடா நெக்ஸான் ஈ.வி. 2020 ஜனவரியில 30.2 யூனிட் பேட்டரியோட வந்தது. ஏ.ஆர்.ஏ.ஐ. சான்றிதழ்ல 312 கிலோமீட்டர். 2022 மே மாசம் நெக்ஸான் ஈ.வி. மேக்ஸ் வந்தது. 40.5 யூனிட், 437 கிலோமீட்டர். இந்தத் தூரம் லேப் டெஸ்ட்ல வர்றது, ரோட்டுல குறையும். ஒப்பிட்டுப் பாக்க மட்டும் வச்சுக்குங்க.

வெளிய இருந்து பார்த்தா ரெண்டும் ஒரே கார். அப்போ பேட்டரியை மட்டும் கழட்டி மாட்டிட்டாங்களா? இல்ல. கார் எடை சுமார் 100 கிலோ கூடிச்சு. கிரவுண்ட் கிளியரன்ஸ் 205 மில்லிமீட்டர்ல இருந்து 190 ஆச்சு. கூடின எடைக்கு ஏத்த மாதிரி சஸ்பென்ஷனை மாத்தினாங்க. பின் சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் வந்தது, ஈ.எஸ்.பி. வந்தது. வீட்டுல சார்ஜ் போட 3.3 கிலோவாட்டோட 7.2 கிலோவாட் சார்ஜரும் வாங்கிக்கலாம்னு வச்சாங்க. ஏன்னா 40.5 யூனிட்டை 3.3 கிலோவாட்ல ஏத்தினா 12 மணி நேரத்துக்கு மேல ஆகும், ராத்திரி போட்டா விடிஞ்சும் முடியாது.

இன்னொரு விஷயம் பாருங்க. பேட்டரி 34 சதவீதம் பெருசு. ஆனா சான்றிதழ் தூரம் 40 சதவீதம் கூடிச்சு. மீதி 6 சதவீதம் எங்க இருந்து வந்தது? பேட்டரியில இருந்து வந்திருக்க முடியாது. மீதிக் காரை மேம்படுத்தினதுல வந்ததுதான்.

ஆக, பேட்டரியைப் பெட்ரோல் டேங்க் மாதிரி நினைக்கறதுதான் இங்க அடிப்படைத் தப்பு. டேங்க் பெருசானா டேங்க் மட்டும்தான் பெருசாகும். பேட்டரி பெருசானா பிரேக், ஸ்பிரிங், சார்ஜர், கூலிங், சாஃப்ட்வேர் எல்லாம் கூடவே நகரணும்.

டிக்கியில வச்சா என்ன ஆகும்?

இப்போ அந்தப் பட்டறை யோசனை. பழைய பேட்டரியைத் தொடாம, டிக்கியில இன்னொண்ணை வச்சு, ரெண்டையும் பேரலல்ல கொடுக்கறது. படம் வரைஞ்சா ரொம்ப எளிமையாத்தான் இருக்கும்.

எல்.எஃப்.பி. செல் ஒண்ணு 3.2 வோல்ட். 100 செல்லை சீரிஸ்ல கோத்தா 320 வோல்ட். ரெண்டு பேக்கும் அதே 320ன்னு சொல்லுவாங்க. ஆனா ஒண்ணு நிறைஞ்சிருக்கு, இன்னொண்ணு பாதி காலின்னா 10 வோல்ட் வித்தியாசம் சாதாரணமா இருக்கும். ரெண்டு பேக், வயர் எல்லாம் சேர்த்து ரெசிஸ்டன்ஸ் 0.1 ஓம்னு வைங்க. ஓம் விதி: 10ஐ 0.1ஆல வகுத்தா 100 ஆம்பியர்.

கார் ஓடல, சாவியே போடல. ஒரு பேட்டரியில இருந்து இன்னொரு பேட்டரிக்கு 32 கிலோவாட் பாயுது. நம்ம பக்கத்துத் தோட்டத்துக் கிணத்து மோட்டார் ஆறேழை ஒண்ணா ஓட்டற பவர். அதைத் தடுக்கணும்னா பிரீசார்ஜ் சர்க்யூட், கான்டாக்டர், ஃபியூஸ், எப்போ சேக்கணும்னு முடிவு பண்ற கன்ட்ரோலர் எல்லாம் வேணும். பட்டறையில இதெல்லாம் இருக்கான்னு மாமாகிட்ட கேட்டேன். "ஒரு எம்.சி.பி. போடுவாங்களாம்"னார். வீட்டுக்குப் போடற ஏ.சி. எம்.சி.பி. 320 வோல்ட் டி.சி.யை வெட்டறதுக்குச் செஞ்சதே இல்ல. ஏ.சி. கரண்ட் செகண்டுக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும், ஆர்க் தானா அணையும். டி.சி. பூஜ்யத்தைத் தொடாது. ஆர்க் எரிஞ்சுக்கிட்டே இருக்கும்.

ரெண்டாவது, கார்ல இருக்கற பி.எம்.எஸ்.ஸுக்கு அந்தப் புது பேட்டரி இருக்கறதே தெரியாது. பாதி கரண்ட் அதுல இருந்து வரும். ஆனா பி.எம்.எஸ். தன் பேக் வழியா போறதை மட்டும் எண்ணும். டேஷ்போர்டுல காட்டற சதவீதம் பொய்யாயிடும். மலை இறங்கும்போது வர்ற ரீஜென் கரண்ட் புது பேக்குக்குள்ள எவ்வளவு போகுதுன்னு கார்ல யாருமே பாக்க மாட்டாங்க.

மூணாவது, இடம். கம்பெனி பேட்டரி சீட்டுக்கு அடியில, சேஸிஸோட சேர்ந்து, தண்ணி புகாம, இடிச்சாலும் நசுங்காம இருக்கணும்னு வடிவமைச்சது. டிக்கிங்கறது பின்னாடி இடிச்சா நசுங்கறதுக்குன்னே விட்ட இடம்.

இதெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்றேன்னா, 2022 மார்ச்ல வேலூர்ல நடந்ததை மறக்க முடியல. ராத்திரி வீட்டுல சார்ஜ்ல போட்டிருந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடிச்சது. புகையில மூச்சுத் திணறி ஒரு அப்பாவும், அவரோட 13 வயசு மகளும் இறந்துட்டாங்க. அது ஸ்கூட்டர் பேட்டரி. கார்ல வைக்கறது அதைவிடப் பல மடங்கு பெருசு. மாமா வீட்டுல போர்டிகோவை ஒட்டின ரூம்லதான் எங்க அமுச்சி படுக்கறாங்க.

அந்த வருஷம் நாடு முழுக்க இப்படிப் பல தீ விபத்து நடந்த பிறகுதான் பேட்டரி விதிகளை இறுக்கினாங்க. டூ வீலருக்கு ஏ.ஐ.எஸ். 156, காருக்கு ஏ.ஐ.எஸ். 038 ரிவிஷன் 2. முதல் கட்டம் 2022 டிசம்பர் 1, ரெண்டாவது கட்டம் 2023 மார்ச் 31ல அமலுக்கு வந்தது. ஒரு செல் தீப்பிடிச்சா பக்கத்து செல்லுக்கு எப்படிப் பரவுது, உள்ள இருக்கறவங்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை போகுதாங்கறதை எல்லாம் இதுல சோதிக்கறாங்க. பட்டறையில கோத்த பேக் இந்தச் சோதனை எதையும் பார்த்திருக்காது.

ஆர்.சி. புக் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்.சி.யில இருக்கற, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. அங்கீகாரம் வாங்கின கிட்டை, அங்கீகாரம் உள்ள இடத்துல மாட்டி, ஆர்.டி.ஓ.வில பதிவு பண்ணலாம். அந்த அங்கீகாரம் வாங்கணும்னா புனேல இருக்கற ஏ.ஆர்.ஏ.ஐ., சென்னைக்குப் பக்கத்துல ஒரகடத்துல இருக்கற ஜி.ஏ.ஆர்.சி. மாதிரி சோதனை மையத்துல பாஸ் ஆகணும். மீறினா பிரிவு 182ஏ படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்ல 6 மாசம் வரைக்கும் சிறை, இல்ல ரெண்டும்.

5,000 ரூபாயை விடுங்க. பெரிய இழப்பு வேற. நெக்ஸான் ஈ.வி. பேட்டரிக்கு ஆரம்பத்துல கொடுத்த வாரன்டி 8 வருஷம் இல்ல 1,60,000 கிலோமீட்டர். இந்த மாதிரி வாரன்டி இருக்கற எந்தக் கார்லயும் ஹை வோல்டேஜ் ஆரஞ்சு வயர்ல வெளி ஆள் கை வச்சா அது போச்சு. இன்சூரன்ஸ்காரங்ககிட்ட சொல்லாம மாத்தின வண்டிக்கு கிளெய்ம் கேட்டா கிடைக்கும்னு எந்த நம்பிக்கையும் இல்ல.

அப்போ யாருமே வெற்றிகரமா மாத்தலையா?

மாத்தியிருக்காங்க. பி.எம்.டபிள்யூ. 2016ல ஐ3 காருக்கு 60 ஆம்பியர் மணியில இருந்து 94 ஆம்பியர் மணி பேட்டரி கொண்டு வந்தப்போ, சில நாடுகள்ல பழைய ஓனர்களுக்கும் மாத்திக் கொடுத்தாங்க. பேக் அதே அளவு, செல்லோட கெமிஸ்ட்ரி மட்டும் முன்னேறியிருந்தது. டெஸ்லா தன்னோட முதல் ரோட்ஸ்டருக்கு 53 யூனிட் இருந்த இடத்துல 80 யூனிட் பேக் வித்தது. நிஸான் லீஃப்ல 24 யூனிட் பேக்கை எடுத்துட்டு, பிற்பாடு வந்த 40 யூனிட் பேக்கை வைக்கறவங்க நியூசிலாந்துலயும் ஐரோப்பாவுலயும் இருக்காங்க. அதுக்குப் பழைய காரும் புது பேட்டரியும் பேசற கேன் மெசேஜை மொழிபெயர்க்க நடுவுல ஒரு சின்ன போர்டு போடறாங்க.

இந்த மூணுலயும் பொதுவானது என்னன்னு பாருங்க. யாரும் பழசோட புதுசைச் சேக்கல. பழசை முழுசா எடுத்துட்டு, ஒரு கம்பெனி முழுசாச் சோதிச்ச பேக்கை, அதோட சொந்த பி.எம்.எஸ்.ஸோட வச்சாங்க. சரியான மேம்பாடுன்னா அதுதான்.

காசில்லாம கிடைக்கற 9 யூனிட்

இப்போ நான் மாமாவுக்குச் சொன்ன யோசனை. கேட்டா நம்ப மாட்டீங்க, கணக்கைப் பாருங்க.

காத்துத் தடை வேகத்தோட வர்க்கத்துக்கு ஏறும். சாதாரண காம்பாக்ட் எஸ்.யூ.வி.க்குப் போட்டுப் பார்த்தா, 100 கிலோமீட்டர் வேகத்துல காத்துக்கு மட்டும் கிலோமீட்டருக்கு சுமார் 109 வாட் மணி. 80 வேகத்துல அது 70. டயர் உருள ரெண்டுலயும் 46. மோட்டார் நஷ்டம், ஏ.சி. எல்லாம் சேர்த்தா 100ல கிலோமீட்டருக்கு 186, 80ல 144.

கையில இருக்கற 27 யூனிட்டை வகுங்க. 100ல போனா 145 கிலோமீட்டர். 80ல போனா 187 கிலோமீட்டர்.

இப்போ அதே காருக்கு 10 யூனிட் பெரிய பேட்டரி போட்டு, அதுல ஓட்டக் கிடைக்கற 9 யூனிட்டைக் கூட்டி, கூடின எடையையும் சேர்த்து 100ல ஓட்டினா? 190 கிலோமீட்டர்.

சேலம் பைபாஸ்ல ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலைக் கொஞ்சம் எடுத்தா கிடைக்கற தூரமும், லட்சக்கணக்குல செலவு பண்ணினா கிடைக்கற தூரமும் கிட்டத்தட்ட ஒண்ணு. இதெல்லாம் தோராயக் கணக்குதான். உங்க காரோட எடை, உருவத்துக்கு ஏத்த மாதிரி மாறும். ஆனா விகிதம் பெருசா மாறாது.

இதோட இன்னும் மூணு விஷயம்:

டயர் காத்தை மாசம் ஒருக்கா கம்பெனி சொன்ன அளவுக்கு வைங்க. டயர் மாத்தும்போது விலை மட்டும் பாக்காம லோ ரோலிங் ரெசிஸ்டன்ஸ் டயரான்னு கேளுங்க.

பேட்டரியோட ஆரோக்கியத்தை அளந்து பாருங்க. சர்வீஸ் சென்டர்ல எஸ்.ஓ.ஹெச். ரிப்போர்ட் கேளுங்க. ஒரு மாட்யூல் மட்டும் பலவீனமா இருந்தா மொத்த பேக்கும் அதோட அளவுக்குத்தான் கொடுக்கும். சீரிஸ்னா அப்படித்தான். வாரன்டிக்குள்ள இருந்தா அந்த மாட்யூலை மாத்தறதே பெரிய அப்கிரேடு.

எல்.எஃப்.பி. பேட்டரின்னா உங்க கார் மேனுவல் சொல்ற இடைவெளியில 100 சதவீதம் மெதுவா சார்ஜ் பண்ணுங்க. எல்.எஃப்.பி. செல்லோட வோல்டேஜ் நடுவுல ரொம்ப தட்டையா இருக்கும், அதனால பி.எம்.எஸ்.ஸுக்கு அளவு தப்பும். ஃபுல் சார்ஜ்ல அது தன்னைத் திருத்திக்கும், செல்களையும் சமமாக்கும். நிறைய பேர் "தூரம் குறைஞ்சிடுச்சு"ன்னு சொல்றதுல சில கேஸ் வெறும் மீட்டர் தப்புதான்.

2028ல யார் கை வைக்கப் போறாங்க?

2020ல வாங்கின நெக்ஸானுக்கு 8 வருஷம் 2028ல முடியும். அதுக்கப்புறம் வருஷா வருஷம் வாரன்டி முடிஞ்ச கார்கள் ரோட்டுக்கு வரும். பேட்டரி மாத்தற தேவை அப்போ நிஜமாவே வரும். அது ஒரு பெரிய தொழில்.

நம்ம ஊருக்கு இது புதுசு இல்ல. மோட்டார் எரிஞ்சா தூக்கிப் போடாம காயில் சுத்தி ஓட்டற ஊர் இது. பம்ப், கிரைண்டர், மில் மெஷின் எதுவா இருந்தாலும் பிரிச்சுப் பார்த்துப் பழகின கை. எலக்ட்ரிக் ஸ்கூட்டர் செய்யற ஆம்பியர் கம்பெனியை 2008ல ஹேமலதா அண்ணாமலை தொடங்கினதும் கோயம்புத்தூர்லதான். மாமாவுக்குப் பேட்டரி வச்சுத் தரேன்னு சொன்ன பட்டறைக்காரர் மேல எனக்குக் கோபம் இல்ல. அவருக்கு ஆர்வம் இருக்கு, கை வேலை இருக்கு. அவர்கிட்ட இல்லாதது செல் டெஸ்டர், கேன் டீகோடர், டி.சி. ஃபியூஸ் பத்தின அறிவு, அப்புறம் ஒரகடம் வரைக்கும் போய் சான்றிதழ் வாங்கற பொறுமை. அதெல்லாம் நம்மகிட்ட இருக்கணும். நாலு வருஷம் ஃபீஸ் கட்டினது அதுக்குத்தான்.

ஃபைனல் இயர் பிராஜெக்ட் தேடறவங்களுக்கு ஒரு யோசனை. வேஸ்ட் ஆன ஸ்கூட்டர் பேக் ஒண்ணு வாங்கி, லேப்ல, சார் முன்னாடி, குறைஞ்ச வோல்டேஜ்ல, ஒவ்வொரு செல்லோட கெப்பாசிட்டியும் இன்டர்னல் ரெசிஸ்டன்ஸும் அளந்து வகை பிரிச்சுப் பாருங்க. எந்த செல் கெட்டுது, ஏன் கெட்டுதுன்னு ஒரு டேபிள் போடுங்க. 2028ல உங்களை வேலைக்கு எடுக்கறவங்க அந்த டேபிளைத்தான் கேப்பாங்க.

மாமாவுக்கு எல்லாத்தையும் சொன்னேன். எஸ்.ஓ.ஹெச். ரிப்போர்ட் எடுத்தார், 86 சதவீதம் வந்திருக்கு. டயர்ல காத்து குறைவா இருந்தது, அதையும் சரி பண்ணிட்டார். பேட்டரி யோசனையை விட்டுட்டார், ஒன்றரை லட்சம் பேங்க்லயே இருக்கு. அடுத்த வாரம் குடும்பத்தோட ஊட்டி போறாங்க. "மேட்டுப்பாளையம் போறதுக்குள்ள ஒரு 20 நிமிஷம் சார்ஜ் போட நிக்கணுங்க மாமா"ன்னு சொன்னேன்.

"நின்னா என்ன கண்ணு, அமுச்சிக்கு எப்படியும் நடுவுல ஒரு டீ வேணும்"னார்.